புதுசு வேண்டாம் அப்பா



இந்த வாரத் தியானத்தை ஓர் அறிக்கையோடு தொடங்க வேண்டியவனாயிருக்கிறேன். பிரசங்க பீடத்தில் சொல்லியிருக்க வேண்டியது. அங்கே தைரியம் வராததால் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் ஒரு கேம் கன்சோல் இருக்கிறது. வளைகுடா நாட்டில் பணிபுரியும் என் தம்பி, மூன்று ஆண்டுகளுக்கு முன் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்தபோது தன் அண்ணன் மகனுக்கென்று கொண்டுவந்தது. போதகர் வீட்டில் வீடியோ கேமா என்று புருவம் உயர்த்துகிறவர்கள் சபையில் உண்டு. இரண்டொருவர் நேரிலேயே கேட்டுமிருக்கிறார்கள். அதைக் குறித்து இன்னொரு வாரம் பேசுவோம். இப்போது சொல்ல வந்தது, அது உடைந்த கதை.

ஒரு வியாழக்கிழமை இரவு. எட்டரை மணிக்குக் குடும்ப ஜெபம். மகனை மூன்று முறை அழைத்தேன். மூன்று முறையும், "இதோ அப்பா, முடியப்போகுது" என்ற பதிலே வந்தது. அன்று மாலை சபைக் கமிட்டிக் கூட்டத்தில் மனம் கசந்து திரும்பியிருந்தேன். அங்கே யாரிடமும் காட்டமுடியாத கோபம் கையோடு வீட்டுக்கு வந்திருந்தது. நான்காம் முறை அழைக்கவில்லை. அறைக்குள் சென்று, கன்சோலின் பின்புறத்திலிருந்து டிவிக்குப் போகும் எச்டிஎம்ஐ வயரைப் பிடித்து இழுத்தேன். நேராகக்கூட இழுக்கவில்லை; பக்கவாட்டில், ஒரு உலுக்கலோடு. உள்ளே ஏதோ முறியும் சத்தம் கேட்டது. திரை கறுத்தது.

அதன்பின் நாங்கள் ஜெபம் பண்ணினோம். ஜெபத்தை நடத்தியவன் நானே. அன்று வாசித்த வேதபகுதி எதுவென்று எனக்கு நினைவில்லை. என் மகனுக்கும் இராது என்றே நினைக்கிறேன்.

மறுநாள் வயரை மீண்டும் செருகினான். விளக்கு எரிந்தது, மின்விசிறி சுழன்றது, டிவி மட்டும் சிக்னல் இல்லை என்றது. வயர் செருகும் துளை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அவன் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவைத்தான். அன்றிரவு அவனுக்குப் பிடித்த பரோட்டா வாங்கிவந்தேன். சாப்பிட்டான், "தேங்ஸ்பா" என்றான். எல்லாம் சரியாகிவிட்டதென்று எண்ணிக்கொண்டேன்.

அந்தத் துண்டைப் பார்த்தபோது எங்கோ வாசித்த செய்தி ஒன்று நினைவுக்கு வந்தது. 2005-இல் வெளிவந்த எக்ஸ்பாக்ஸ் 360 என்ற கன்சோல் பலருடைய வீடுகளில் திடீரென்று மூன்று சிவப்பு விளக்குகளைக் காட்டிச் செயலிழந்தது. பழுது மிகப் பரவலாகவே, 2007 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அந்தப் பழுதுக்கான உத்தரவாதக் காலத்தை மூன்று ஆண்டுகளாக நீட்டி, அதற்கென 100 கோடி டாலருக்கும் மேல் ஒதுக்கியது. அக்காலத்தில் சிலர் வீட்டிலேயே ஒரு வைத்தியம் செய்து பார்த்தார்கள். கன்சோலைத் துண்டுகளால் இறுகச் சுற்றி, காற்றுப் போக வழியில்லாமல் ஓடவிடுவார்கள். உள்ளே சூடேறி, விட்டுப்போன இணைப்பு எப்படியோ ஒட்டிக்கொள்ள, கன்சோல் உயிர்பெறும். சில நாட்களில் அதே சிவப்பு விளக்குகள் மறுபடியும் வரும். சில வேளை, பழுது முன்னிலும் மோசமாகும். நான் வாங்கிவந்த பரோட்டா அந்த வகை வைத்தியம்.

வாரக் கடைசியில் தம்பி தொலைபேசியில் பேசினான். கன்சோல் வேலை செய்யவில்லை என்றதும், "எப்படி அண்ணா?" என்று கேட்டான்.

"என்னமோ, வயர் லூஸாகிவிட்டது" என்றேன்.

பிரியமானவர்களே, அது பொய். சொன்னது சனிக்கிழமை இரவு. மறுநாள் காலை உங்கள் முன் நின்று பிரசங்கித்தேன்.

தம்பி தாராள மனமுள்ளவன். "இதற்கென்ன அண்ணா, புது மாடல் வந்திருக்கிறது. அடுத்த மாதம் வருகிற நண்பனிடம் கொடுத்துவிடுகிறேன்" என்றான். என் பாரம் இறங்கினதுபோல் இருந்தது. நான் ஒரு ரூபாய் செலவு செய்ய வேண்டியதில்லை. பழையதைக் காட்டிலும் நல்லது வரும். அது வந்த நாளில், பழையது எப்படி உடைந்தது என்ற கேள்வியே வீட்டில் இராது.

மகனிடம் மகிழ்ச்சியோடு சொன்னேன். அவன் முகம் மலரவில்லை. "புதுசு வேண்டாம் அப்பா. இதையே ரிப்பேர் பண்ண முடியுமான்னு பாருங்க" என்றான்.

காரணம் கேட்டேன். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அவனும் சித்தப்பாவும் இரவுதோறும் ஒரு கால்பந்து லீக் ஆடுவார்கள். மூன்று கிறிஸ்துமஸ்களாக நடந்துகொண்டிருக்கும் அந்த லீக் இன்னும் முடியவில்லை. சித்தப்பா நான்கு புள்ளிகள் பின்தங்கியிருக்கிறார். அது முழுவதும் இந்தப் பெட்டிக்குள்ளிருக்கும் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது. இணையத்தில் சேமித்துவைக்கச் சந்தா கட்ட வேண்டும், நாங்கள் கட்டவில்லை. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு கன்சோலில் மாட்டினால், இந்த வகையில் அந்தக் கன்சோல் அதிலுள்ள யாவையும் அழித்த பிறகே ஏற்றுக்கொள்ளும். பென் டிரைவில் நகல் எடுக்கலாமென்றால் திரையில் படம் தெரிய வேண்டும். இத்தனையையும் அவன் ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தான். எனக்கு அது வெறும் ஒரு பெட்டியாயிருந்தது.

அப்படியிருந்தும் மூன்று வாரம் தள்ளிப்போட்டேன். வேதத்தில் யோவாஸ் ராஜாவின் சரித்திரத்தை நீங்கள் அறிவீர்கள். ஆலயத்தின் பழுதுகளைப் பார்க்கும்படி ஆசாரியர்களுக்குப் பணம் வந்துகொண்டேயிருந்தது. ஆனால் அவனுடைய இருபத்துமூன்றாம் வருஷம்மட்டும் பழுதுகள் பார்க்கப்படவேயில்லை என்று இரண்டாம் ராஜாக்கள் 12-ஆம் அதிகாரம் கூறுகிறது. பல முறை அதைப் பிரசங்கித்து, அந்த ஆசாரியர்களைக் கடிந்துகொண்டிருக்கிறேன். அவர்கள் ஏன் தாமதித்தார்கள் என்று வேதம் சொல்லவில்லை. என் காரணம் எனக்குத் தெரியும்: கடைக்காரர், "எப்படி உடைந்தது?" என்று கேட்பார்.

முதலில் வீட்டருகே ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். அவர் பெட்டியைத் திறக்காமலே, "போர்டு போயிடுச்சு சார், புதுசு வாங்கிடுங்க" என்றார். ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு உள்ளூர ஆறுதல். வீட்டில் என் மனைவியிடம் சொன்னேன். அவள் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள். "புதுசு வந்தா அந்த ராத்திரியை அவன் மறந்துடுவானாங்க?" என்றாள். அதற்குமேல் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

அடுத்த சனிக்கிழமை மகனையும் அழைத்துக்கொண்டு வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறிச் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி, ரிச்சி தெருவுக்குச் சென்றேன். அந்தத் தெருவுக்குப் போகாதவர்கள் ஒரு முறையாவது போய்ப் பார்க்க வேண்டும். தெரு என்று பெயரேயன்றி, நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று பக்கத்துத் தெருக்களையும் சேர்த்துக்கொண்ட ஒரு சந்தை அது. ரேடியோ காலத்திலிருந்து மின்னணுப் பொருட்கள் அங்கே விற்கப்பட்டும் திருத்தப்பட்டும் வருகின்றன. ஒரு மாடியில், கட்டிலைவிடச் சிறிய கடை. இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க இளைஞர், கண்ணுக்கு முன் உருப்பெருக்கியோடு உட்கார்ந்திருந்தார். பெட்டியைக் கையில் வாங்கியதும் நான் பயந்த கேள்வியையே கேட்டார்.

"எப்படி ஆச்சு?"

நான் வாய் திறக்குமுன் மகன் முந்திக்கொண்டான். "தானாவே லூஸாயிடுச்சுண்ணா."

நான் தம்பியிடம் சொன்ன அதே வார்த்தை. அன்றிரவு அவன் அடுத்த அறையில் இருந்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இளைஞர் மூடியைத் திறந்து, போர்டை வெளியே எடுத்து, விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தார். "தானா லூஸானா இப்படி வராது தம்பி. போர்ட்டைப் பிடிச்சிருக்கிற கால் ஒரு பக்கம் பேர்ந்து வந்திருக்கு. பத்தொன்பது பின்ல ரெண்டு பின்னோட தடமே உரிஞ்சிருக்கு" என்றார். பிறகு என்னைப் பார்த்துப் பொறுமையாய்ச் சொன்னார். "திட்டறதுக்குக் கேக்கல சார். கீழே விழுந்திருந்தா போர்டுல விரிசல் தேடணும். தண்ணி பட்டிருந்தா வேற இடம் பாக்கணும். கரண்ட் கூடக்குறைய வந்திருந்தா பக்கத்துல இருக்கிற சிப்பையே மாத்தணும். என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சாத்தான் எங்கே கை வைக்கறதுன்னு தெரியும்."

"நான்தான் இழுத்தேன் தம்பி" என்றேன். "கோபத்தில்."

அவர் தலை நிமிரவில்லை. "சரி சார். அப்போ சிப் தப்பிச்சிருக்க வாய்ப்பு இருக்கு" என்றார்.

எத்தனையோ பேருடைய அறிக்கைகளைக் கேட்கும் ஊழியத்தில் இருக்கிறேன். இத்தனை எளிதாய் ஒருவர் என் அறிக்கையை வாங்கிக்கொண்டதில்லை.

"இதை ரிப்பேர் பண்றதா, புதுசு வாங்கறதா?" என்று கேட்டேன். எல்லாவற்றையும் ரிப்பேர் செய் என்று சொல்லுகிறவராக அவர் இல்லை. உப்புத்தண்ணீர் புகுந்து போர்டு அரித்துப்போயிருந்தால் தானே வேண்டாமென்று திருப்பி அனுப்பிவிடுவதாகச் சொன்னார். இதற்கு 2,800 ரூபாய் கேட்டார். புதியதன் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பழைய போர்ட்டைச் சூடாக்கி எடுத்து, புதியதை வைத்து, உரிந்த இரண்டு தடங்களுக்கும் தலைமுடிபோன்ற கம்பி போட்டுச் சாலிடர் செய்ய வேண்டும். காய்ந்துபோன தெர்மல் பேஸ்டைத் துடைத்துவிட்டுப் புதிதாய்ப் பூசித் தருவதாகவும், மூன்று வருஷத்துத் தூசியை எடுத்துவிடுவதாகவும் சொன்னார். இரண்டரை மணி நேரம் ஆகும்.

கீழே இறங்கி ஒரு தேநீர்க் கடையில் நின்றோம். மகன் டம்ளரைப் பார்த்துக்கொண்டே நெடுநேரம் பேசாதிருந்தான். பிறகு, "அவர்கிட்ட சொன்னீங்க" என்றான்.

அவ்வளவுதான். அவன் சொல்லாமல் விட்டது எனக்கு விளங்கியது. ஐந்து வாரமாக நான் அவனிடம் சொல்லவில்லை.

மனிதர்கள் இடித்துக்கொண்டு போகும் அந்தத் தெருவில், பதினான்கு வயது மகனிடம் மன்னிப்புக் கேட்டேன். நீ எழுந்து வராதது தவறுதான், ஆனாலும், என்று தொடங்க நாவு துடித்தது. அந்த 'ஆனாலும்' இல்லாமல் கேட்கக் கர்த்தர் கிருபை செய்தார். அவன் டம்ளரை வைத்துவிட்டு, "நானும் ரெண்டாவது தடவையே எழுந்து வந்திருக்கலாம்பா" என்றான்.

மீண்டும் மாடிக்குப் போனபோது, வேலையைப் பக்கத்தில் நின்று பார்க்க அவர் மகனை அனுமதித்தார். இருவருடைய தலைகளும் ஒரே விளக்கின்கீழ் குனிந்திருந்தன. செபெதேயுவின் குமாரர் இருவரும் தங்கள் தகப்பனோடு படவிலிருந்து வலைகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்ததை மத்தேயு நான்காம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். மூல பாஷையாகிய கிரேக்கத்தில், வலையைப் பழுதுபார்ப்பதற்கு அங்கே வரும் வினைச்சொல்லையே பவுல் கலாத்தியர் ஆறாம் அதிகாரத்தின் முதல் வசனத்தில், குற்றத்தில் அகப்பட்டவனைச் சாந்தமாய்ச் சீர்ப்படுத்துவதற்குப் பயன்படுத்துகிறார். இறையியல் கல்லூரியில் இதைப் பரீட்சைக்குப் படித்து எழுதினேன். அந்த வசனத்தில் சீர்ப்படுத்துகிறவனின் இடத்திலேயே எப்போதும் என்னை வைத்து வாசித்துவந்தேன். அந்தக் கடையில்தான் அகப்பட்டவனின் இடத்திலிருந்து வாசித்தேன்.

கடைக்காரர் தம்முடைய சிறிய டிவியில் வயரைச் செருகினார். படம் வந்தது. லீக் பட்டியலைத் திறந்து பார்த்த மகன், "நாலு புள்ளி அப்படியே இருக்கு" என்று சிரித்தான்.

அன்றிரவே தம்பியை அழைத்து உண்மையைச் சொன்னேன். சற்று நேரம் மறுமுனையில் சத்தமில்லை. பிறகு, "அண்ணா, நீங்களா?" என்றான். புதியது அனுப்ப வேண்டாமென்றும், டிசம்பரில் அவன் வந்தால் போதுமென்றும் சொன்னேன்.

கடந்த வியாழக்கிழமை எட்டரை மணிக்கு மகனை அழைத்தேன். "நாலு நிமிஷம் இருக்குப்பா" என்று குரல் வந்தது. அறைக்குள் சென்று, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, அந்த நான்கு நிமிடத்தையும் பார்த்தேன். கோல் விழுந்திருக்க வேண்டியது. கம்பத்தில் பட்டுத் திரும்பியது. இருவரும் ஒருசேரக் கத்தினோம். சமையலறையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். அன்று ஜெபம் எட்டு முப்பத்தைந்துக்குத் தொடங்கியது. வேதபகுதியை அவன் வாசித்தான்.