படத்தின் கீழே ஒரு வரி

எனக்குத் தமிழ் எழுத வரும் என்பது எங்கள் குடும்பத்தில் நெடுநாளாக நிலவிவரும் நம்பிக்கை. முப்பத்தோராண்டுகள் பள்ளியில் தமிழ் கற்பித்தவன் என்பதால் எழுந்த நம்பிக்கை அது. திருமண அழைப்பிதழா, வரவேற்பு மடலா, கடைத் திறப்பு விழாவுக்கான துண்டறிக்கையா, எல்லாம் என்னிடமே வந்து சேரும். ஆகவே, புகைப்படக் கலைஞனாகிய என் தங்கை மகன், தான் எடுக்கும் படங்களை இன்ஸ்டாகிராமில் வெளியிடத் தொடங்கியபோது, "மாமா, படத்துக்குக் கீழே போட நாலு வரி எழுதிக் கொடுங்களேன்" என்று வந்து நின்றதில் வியப்பில்லை.

அந்தச் செயலி 2010ஆம் ஆண்டு அக்டோபரில் தோன்றியது. ஒரு படத்தின் கீழ் 2,200 எழுத்துகள் வரை எழுத அதில் இடமுண்டு. ஆனால், பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது ஓரிரு வரிகளே. எஞ்சியவை மறைந்து நிற்கும். விரலால் தொட்டால்தான் விரியும். இதையெல்லாம் எனக்கு விளக்கிய மருமகன் இறுதியாகச் சொன்னான்: "முதல் வரியிலேயே ஆளை நிறுத்திடணும் மாமா. இல்லேன்னா தள்ளிவிட்டுப் போய்க்கிட்டே இருப்பாங்க."

ஆளை நிறுத்தும் வித்தை எனக்குத் தெரியாதா என்ன! அப்படித்தான் அன்று எண்ணிக்கொண்டேன்.

எங்கள் இராமநாதபுரக் கடற்கரையில் பனை மிகுதி. பனையோலையில் பெட்டியும் கொட்டானும் முடைவது பெண்களின் கைத்தொழில். அப்படி முடைகின்ற மூதாட்டி ஒருவரை, அவர் வீட்டுத் திண்ணையில் வைத்து மருமகன் படம் எடுத்திருந்தான். மாலை வெயில் முகத்தின் ஒரு பக்கத்தில் விழுந்திருந்தது. மடியிலே பாதி முடைந்த கொட்டான். நல்ல படம். "எடுத்துக்கொள்ளலாமா?" என்று அவரிடம் கேட்டே எடுத்திருந்தான். நான் படத்தை இரண்டு நிமிடம் பார்த்தேன், எழுதுகோலை எடுத்தேன்.

"வறுமை தன் வரலாற்றை எழுதிய முகம். பசியோடு போராடும் இந்த விரல்கள் ஓய்வது எந்நாளோ?"

மருமகன் மகிழ்ந்துபோனான். அதுவரை அவன் வெளியிட்ட எந்தப் படத்துக்கும் கிடைக்காத வரவேற்பு இதற்குக் கிடைத்தது. யார் யாரோ கண்ணீர் வடிக்கும் முகக்குறிகளை அனுப்பினார்கள். "ஜக்காத் பணம் அனுப்ப விரும்புகிறேன், வங்கிக் கணக்கு எண் தாருங்கள்" என்று சிலர் கேட்டிருந்தார்கள். என் எழுத்து ஏழைக்கு உதவுகிறது என்று எனக்குள் ஒரு பெருமிதம்.

நான்காம் நாள் ஷார்ஜாவிலிருந்து மருமகனுக்குத் தொலைபேசி வந்தது. பேசியவர் அந்த மூதாட்டியின் பேரன். கோபத்தை அடக்கிக்கொண்டு பேசினாராம். "எங்க உம்மம்மா யாரிடமும் கை நீட்டியவங்க இல்லை. கொட்டான் முடைஞ்ச காசிலே எங்க உம்மாவைக் கட்டிக் கொடுத்தாங்க. என்னைப் படிக்க வச்சாங்க. நான் மாசாமாசம் பணம் அனுப்புறேன். இங்கே என்கூட வேலை செய்யிறவங்க, 'உன் பாட்டிக்கு நாங்க ஏதாவது அனுப்பட்டுமா?' என்று கேக்கிறாங்க. நான் என்ன பதில் சொல்ல?"

மருமகன் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. எப்போதோ படித்த ஒரு செய்தி நினைவில் எழுந்தது. 1936ஆம் ஆண்டு மார்ச் மாதம், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் நிப்போமோ என்னும் இடத்தில், பட்டாணி பறிக்கவந்த கூலிகளின் முகாமில் டொரோதியா லாங் என்ற பெண்மணி ஒரு தாயைப் படம் எடுத்தார். அரசுத் துறை ஒன்றுக்காகப் படம் எடுக்கச் சென்றவர் அவர். இரு குழந்தைகள் தோளில் முகம் புதைத்திருக்க, கன்னத்தில் கைவைத்துத் தொலைவை நோக்கும் அத்தாயின் படம் உலகப் புகழ் பெற்றது. வயது முப்பத்திரண்டு, ஏழு குழந்தைகளின் தாய் என்ற குறிப்பு படத்துடன் சென்றது. பெயர் மட்டும் செல்லவில்லை. லாங் அதைக் கேட்கவே இல்லை. படம் நாளேட்டில் வந்த பின் அம்முகாமுக்கு உணவு அனுப்பப்பட்டது. ஆனால், அதற்குள் அந்தக் குடும்பம் வேறிடம் போய்விட்டிருந்தது.

அத்தாயின் பெயர் ஃபிளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்று உலகம் அறிந்தது 1978ஆம் ஆண்டில். அதாவது நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து! அந்தப் படமே எடுக்கப்படாமல் இருந்திருக்கலாம் என்று அவர் மனம் வெதும்பிச் சொன்னார். உணவுக்காகக் காரின் சக்கர டயர்களை விற்றுவிட்டார்கள் என்று படத்துடன் வழங்கிவந்த செய்தியையும் அவர் குடும்பத்தார் மறுத்தனர். படம் பொய் சொல்லவில்லை, பட்டினியும் மெய்தான். ஆனால், படத்தோடு ஒட்டிக்கொண்ட சொற்கள் அவருடையவை அல்ல.

இன்னொரு படமும் நம்மில் பலர் பார்த்திருப்போம். 1984ஆம் ஆண்டு பெஷாவர் அருகே, நாசிர் பாக் அகதி முகாமில் எடுக்கப்பட்டு, 1985 ஜூனில் நேஷனல் ஜியோகிராஃபிக் இதழின் அட்டையில் வந்த ஆப்கானியச் சிறுமியின் படம். அந்தப் பச்சை விழிகளை உலகமே அறிந்திருந்தது. ஷர்பத் குலா என்ற பெயரை 2002ஆம் ஆண்டில்தான் அறிந்தது.

இவர்களெல்லாம் எங்கோ தொலைவில் இருந்தவர்கள். என் வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளி வசிக்கும் ஒருவரின் பெயரைக் கேட்காமல் எழுதிய எனக்கு என்ன சமாதானம் இருக்கிறது?

மறுநாள் காலை மருமகனை அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குச் சென்றேன். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "அப்படி என்ன எழுதினீங்க? வாசிங்க, கேப்போம்" என்றார். என் வாழ்நாளில் எத்தனையோ மேடைகளில் வாசித்திருக்கிறேன். அந்தத் திண்ணையில் அந்த இரண்டு வரிகளை வாசிக்க எனக்கு நா எழவில்லை. ஒருவழியாக வாசித்தேன். அவர் தம் விரல்களைப் பார்த்துக்கொண்டார்.

"இந்த விரலா பசியோட போராடுது? இது தெரிஞ்ச வேலையைச் செய்யுது வாத்தியாரே" என்றார். சற்று நேரங்கழித்து, "எம் பேரு அதுலே இல்லையே?" என்றார்.

பிறகு அவரே பேசினார். அன்று மடியில் இருந்தது ஒரு கல்யாண வீட்டுக்கான கொட்டானாம். மொத்தம் நாற்பது, படம் எடுத்தபோது முடைந்துகொண்டிருந்தது பதினேழாவது. குருத்தோலையைக் காயவைத்து, வார்ந்து, சாயம் ஏற்றி முடைய வேண்டும். சிவப்புச் சாயம் சரியாக ஏறாமல் இரண்டு முறை போட்டாராம். இவற்றில் எதுவும் படத்தில் தெரியவில்லை. படத்தைப் பார்த்த எனக்கும் தெரியவில்லை, கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

படத்தை நீக்கிவிடுவதாக மருமகன் சொன்னபோது அவர் தடுத்தார். "படம் நல்லாத்தானே இருக்கு. எழுத்தை மாத்துங்க."

வீடு திரும்பியதும் உம்மாவின் பழைய தகரப் பெட்டியைத் திறந்தேன். என் வாப்பா பினாங்கிலிருந்து 1961ஆம் ஆண்டு அனுப்பிய புகைப்படம் அதில் இருக்கிறது. அதன் பின்புறம் அரபுத்தமிழில் வாப்பாவின் கையெழுத்து. உம்மாவுக்குப் படிக்கத் தெரிந்த எழுத்து அதுதான். ஊரும் தேதியும் எழுதியபின், "உடம்பு சுகம். பக்கத்தில் நிற்பவர் நம்மூர்க்காரர், அடுத்த கப்பலில் வருகிறார், பிள்ளைகளுக்குத் துணி கொடுத்தனுப்பியிருக்கிறேன்" என்று மட்டும் எழுதியிருந்தார். பிரிவைப் பற்றியோ ஏக்கத்தைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. ஆனால், உம்மா அந்தப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததை நான் சிறுவனாகக் கண்டிருக்கிறேன். முன்பக்கத்தைப் பார்த்ததைவிடப் பின்பக்கத்தைப் படித்ததே அதிகம்.

படக்குறிப்பு எழுதும் பாடத்தை வாப்பா எனக்கு அப்போதே கற்பித்திருக்கிறார். எனக்குத்தான் அறுபது ஆண்டுகள் கழித்துப் புரிந்தது. கண்ணுக்குத் தெரிவதைச் சொல் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. யார், எங்கே, என்று, என்ன செய்கிறார் என்பதைச் சொன்னால் போதும். பார்ப்பவரின் மனம் தானே நின்று உணரும். அழு என்று அதற்கு நாம் கட்டளையிட வேண்டியதில்லை. பார்வையற்றோர்க்கு மட்டும் கண்ணுக்குத் தெரிவதையும் சொல்ல வேண்டும். அதற்கென்று தனியே விவரம் எழுதும் வசதி 2018ஆம் ஆண்டு முதல் அச்செயலியில் உண்டு. அவர்களுடைய தொலைபேசி அதை வாசித்துக் காட்டும். இப்போது மருமகன் அதையும் தவறாமல் எழுதுகிறான்.

அன்று மாலை இருவரும் அமர்ந்து பழைய வரிகளை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினோம். முதல் வரியில் அவர் பெயர். பிறகு ஊர், கல்யாண வீட்டுக்கான நாற்பது கொட்டான்களில் பதினேழாவது என்ற செய்தி, இரண்டு முறை ஏற்றிய சிவப்புச் சாயம். வெளியிடுமுன் தொலைபேசியில் அவரிடம் வாசித்துக் காட்டினோம். "சரியா இருக்கு" என்றார். ஜக்காத் தருவதாகச் சொன்னவர்களுக்கெல்லாம் தவறு எங்களுடையது என்று மருமகன் தனித்தனியே பதில் எழுதினான்.

அதன் பிறகு கண்ணீர் முகக்குறிகள் வரவில்லை. பாராட்டும் அவ்வளவாக வரவில்லை. இரண்டு பேர் மட்டும், "இந்தக் கொட்டான் என்ன விலை? எங்களுக்கும் முடைந்து தருவாரா?" என்று கேட்டிருந்தார்கள். ஷார்ஜாவிலிருக்கும் பேரன் அந்தப் படத்தைத் தம் பக்கத்திலும் பகிர்ந்துகொண்டார்.

அந்த மூதாட்டியின் பெயரை இங்கே ஏன் எழுதவில்லை என்று நீங்கள் கேட்கலாம். படத்தின் கீழே போடத்தான் அவரிடம் சம்மதம் வாங்கினேன். இந்தக் கட்டுரைக்கு இன்னும் கேட்கவில்லை.