லெட்டூஸா, லெட்டிஸா?

கோத்தகிரி பக்கம் அரை ஏக்கரில் கேரட்டும் பீட்ரூட்டும் போடுகிற ஓர் அம்மா, மூன்று வருஷமாக ஓரத்தில் சாலட் கீரையும் போட்டு வருகிறார். நாற்று நட்டு ஏறத்தாழ இரண்டு மாதத்தில் அறுவடை. வெயில் கூடினால் தண்டு நீண்டு பூவுக்குப் போய்விடும், இலை கசந்துவிடும். இதெல்லாம் அவருக்கு அத்துப்படி. பெயர்தான் தகராறு.

விதைப் பொட்டலத்தில் இருந்த இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிப் படித்து, 'லெட்டூஸ்' என்றே சொல்லி வந்தார். ஓட்டலுக்குக் கொள்முதல் செய்யும் தம்பி ஒருநாள் போனில் சிரித்துவிட்டார். "அது லெட்டிஸ்க்கா!" கிலோ 90 ரூபாய் கேட்க நினைத்திருந்தவர், கூச்சத்தில் அவர் சொன்ன 60-க்கே தலையாட்டிவிட்டார். 15 கிலோவுக்கு 450 ரூபாய், ஓர் எழுத்தில் போயிற்று.

கல்லூரியில் படிக்கும் மகளிடம் சொல்லி வருத்தப்பட்டார். "மினிட்னு சொல்றோமே, அதுலயும் இதே 'யூ' எழுத்துதாம்மா. மினியூட்னா சொல்றோம்? அதே மாதிரி, 'லெ'யை அழுத்திட்டு மிச்சத்தை லேசா விட்டுடு" என்றாள் மகள். கூடவே அகராதியைப் புரட்டியதில் இன்னொன்று கிடைத்தது. அந்தச் சொல்லுக்கு மூலம் லத்தீன் மொழியில் பாலைக் குறிக்கும் சொல்.

"ஏன்னு எனக்குத் தெரியுமே" என்றார் அம்மா. தண்டை அறுத்த இடத்தில் வெள்ளையாகப் பால் கசியும். கையில் பட்டால் பிசுபிசுக்கும், காய்ந்தால் பழுப்பாகும். தினமும் பார்ப்பதுதான். சிரித்த தம்பிக்கு இது தெரிந்திருக்குமா என்பது சந்தேகமே. மாங்காயை மேங்கோ ஆக்கிய வெள்ளைக்காரரைப் பார்த்து இங்கே யார் சிரித்தார்கள்?

அடுத்த வாரம் அவரே போன் போட்டார். "லெட்டிஸ் இருக்கு தம்பி. கிலோ 90."

"80 போட்டுக்கலாம்க்கா."

"விடிகாலையில அறுத்தது. வெட்டுவாயில பால் இன்னும் காயல. வந்து பாருங்க."

85-க்கு முடிந்தது. போனை வைத்துவிட்டு மகளைக் கூப்பிட்டார்: "அந்த லெட்டூஸ் கூடையைக் கொஞ்சம் நிழலுக்குத் தள்ளி வை."