கோப்புகளைக் காப்போம்

பருவ விடுமுறைகளில் கிள்ளானில் என் மாமா நடத்தும் வடிவமைப்புக் கடையில் வேலை செய்கிறேன். மூன்று கணினி, ஓர் அச்சு இயந்திரம், அவ்வளவுதான் கடை. திருமண அழைப்பிதழ், கோயில் திருவிழா அறிக்கை, நினைவஞ்சலி அட்டை, தமிழ்ப்பள்ளிப் பதாகை எல்லாம் இங்கே உருவாகின்றன. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்துவிட்டுத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போன எனக்கு, தினமும் தமிழில் தட்டச்சு செய்யும் வாய்ப்பு இங்கேதான் கிடைத்தது.

வடிவமைப்பு என்றால் வண்ணமும் படமும்தான் என்று நினைக்கிறோம். உண்மையில் பாதி நேரம் கோப்பைத் தேடுவதில் போகிறது. “போன வருஷம் அடிச்ச அதே நோட்டீஸ்தான் தம்பி, தேதிய மட்டும் மாத்திக் குடுங்க” என்பார் கோயில் செயலாளர். பல கடைகளின் கணினியில் ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘ஃபைனல் பெத்துல்’ என்று மூன்று கோப்புகள் நிற்கும். எது அச்சுக்குப் போனது?

மாமாவின் வழி எளிது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கோப்புறை. பெயரில் முதலில் ஆண்டு, பிறகு மாதம், நாள், கடைசியில் வாடிக்கையாளர் பெயர். அப்படி எழுதினால் கணினியே கால வரிசையில் அடுக்கிவிடும். அச்சுக்குப் போன கோப்பு தனியாக இருக்கும்; அதில் யாரும் கை வைக்கக்கூடாது.

தமிழ்க் கோப்புகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. யுனிகோடு பரவும் முன்பு திஸ்கி, தாம், தாப் எனப் பல குறியீட்டு முறைகள் இருந்தன. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், தமிழ் மறைந்து பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே தெரியும். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001-இல். 2023 ஜனவரியில் அடோபி நிறுவனம் தன் வடிவமைப்பு மென்பொருள்களில் டைப் 1 எழுத்துருக்களுக்கான ஆதரவையும் நிறுத்திக்கொண்டது.

சென்ற விடுமுறையில் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் முன்னாள் மாணவர் பழைய குறுந்தட்டு ஒன்றைக் கொண்டு வந்தார். அதில் அவருடைய பள்ளியின் மலர் இருந்தது. தோட்டம் இன்று வீடமைப்புப் பகுதி. அச்சிட்ட மலர் யாரிடமும் இல்லை. என் கணினியில் படங்கள் திறந்தன. கட்டுரைகள் வெறும் குறிகளாக வந்தன. மாமா தூக்கிப் போடாமல் வைத்திருந்த பழைய கணினியில்தான் பேஜ்மேக்கரும் அந்த எழுத்துருவும் இருந்தன. காலமாகிவிட்ட தலைமையாசிரியரின் வாழ்த்துரை திரையில் வந்ததும், அவர் உட்காரக்கூட இல்லை. நின்றபடியே முழுவதையும் படித்தார்.

நம் கல்யாணம், கருமாதி, கும்பாபிஷேகம் எல்லாம் அரசாங்க ஆவணக் காப்பகத்துக்குப் போவதில்லை. இத்தகைய சின்னக் கடைகளின் கணினிகளில்தான் கிடக்கின்றன. ஆகவே வடிவமைப்புக் கோப்பு, அதன் எழுத்துரு, ஒரு பிடிஎஃப், யுனிகோடில் வெறும் உரை ஆகிய நான்கையும் சேர்த்தே வைக்க வேண்டும். பிடிஎஃப் பக்கத்தின் தோற்றத்தைக் காக்கும். யுனிகோடு உரை நாளைக்கும் தேடவும் திருத்தவும் உதவும். மற்றொரு படி வேறு இடத்தில் இருக்கட்டும். 2021 டிசம்பரில் தாமான் ஸ்ரீ மூடாவை மூழ்கடித்த வெள்ளத்தை நாம் மறக்கவில்லை.

முன்னாள் மாணவர்களே, நம் கழக இதழின் பழைய கோப்புகள் உங்கள் வீட்டுக் குறுந்தட்டிலோ பென்டிரைவிலோ இருந்தால் எங்களிடம் கொடுங்கள். பழைய கணினி இன்னும் ஓடுகிறது. அது நிற்பதற்குள் கொடுங்கள்.