நகர விடுதியில் ஒரு முற்றம்

தண்ணீரூற்று என்ற பெயரே எமது ஊரின் செல்வத்தைக் கூறிவிடும். ஊற்றும், ஊற்றங்கரைப் பிள்ளையாரும், வேம்பின் நிழல் விழும் முற்றமுமாக வாழ்ந்தவர்கள் எம்மவர்கள். 2009ஆம் ஆண்டில், செட்டிகுளத்துக் கூடாரங்களில் நெருங்கிக் கிடந்த மாதங்களில், இழந்த வீட்டினும் இழந்த முற்றத்தை எண்ணி ஏங்கிய முதியோர் எம்மிடையே பலர். ஆகவே, கடல் கடந்து வாழும் பிள்ளைகள், "கொழும்புக்கு வருகிறோம், அம்மாவையும் அழைத்து வாருங்கள், நல்ல ஹோட்டல் ஒன்றில் ஒரு வாரம் தங்குவோம்" என்று அறிவிக்கும்போது, எந்த ஹோட்டல் என்பது சிறிய கேள்வி அன்று. பன்னிரண்டாம் மாடியில், திறக்கவியலாத கண்ணாடிச் சாளரத்தின் பின்னே அம்மூதாட்டியை இருத்துவது உபசாரம் ஆகுமா?

பலரும் முதலில் நினைப்பது 1864இல் தொடங்கிய காலிமுக ஹோட்டலை. அதன் புல்வெளிக்கு அந்திப் பொழுதில் இணையில்லை. ஆயினும் அது கடலை நோக்கித் திறந்து கிடப்பது. முற்றம் என்பதிலும் கடலின் திண்ணை என்பதே பொருந்தும். காற்றும் அலையோசையும் விரும்புவோர் அங்கே செல்லலாம்.

முற்றத்தின் இலக்கணத்தைக் காண வேண்டுமாயின் சிங்கப்பூரின் ராபிள்ஸ் ஹோட்டலை நோக்குக. ஆர்மீனியரான சார்க்கீஸ் சகோதரர்கள் 1887இல் பத்து அறைகளோடு தொடங்கிய விடுதி அது. பனையினத் தருக்கள் நிற்கும் உள்முற்றத்தைப் பார்த்தபடி அறைகளின் முன் விறாந்தை ஓடுகிறது. எமது நாற்சார் வீட்டின் இலக்கணமும் இதுவேயன்றோ! இடம் பெரிதாக இருத்தல் வேண்டும் என்பதுமில்லை. கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா, 1958 முதலாக, கொழும்பு 33ஆம் ஒழுங்கையில் வரிசையாக நின்ற நான்கு சிறு வீடுகளை ஒவ்வொன்றாக வாங்கி ஒன்றாக இணைத்தார். இடையிடையே சிறு சிறு வெளிகளை வானுக்குத் திறந்து விட்டார். சந்தடி மிக்க நகரத்தின் நடுவே அவ்வீட்டில் ஓர் அமைதி நிலவுகிறது.

இனி, பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை சில. விளம்பரப் படத்தில் முற்றம் அழகாகத்தான் இருக்கும். நமக்குத் தரும் அறை அதனைப் பார்க்கிறதா, தெருவைப் பார்க்கிறதா? குளிரூட்டிப் பொறிகளின் வெப்பக் காற்று எங்கே போய் விழுகிறது? மரநிழலால் குளிர வேண்டிய முற்றத்தை அடுப்படி போலாக்கிவிட இக்கருவிகள் சில போதும். முற்றத்தில் திருமண விருந்து நடத்துவதுண்டா? உண்டெனின் வாத்தியமும் ஒலிபெருக்கியும் நள்ளிரவு வரை ஓயா. நீர்த்தடாகம் இருப்பின், நீர் ஓடுகிறதா, தேங்கி நிற்கிறதா? டெங்கு பரவும் கொழும்பில் இது அலங்காரத்தைப் பற்றிய வினா அன்று.

எம்மைக் கேட்டால், முற்றத்தை ஒட்டிய கீழ்த்தள அறையையே தெரிவோம். மாடி அறைக்குக் காட்சி உண்டு. ஆனால் விடியற்காலையில் எழும் மூதாட்டி, ஒருவரையும் எழுப்பாமல், மின்தூக்கியைத் தேடாமல், தாமாகவே வெளியே வந்து மரத்தடியில் அமர வேண்டும். அத்தகைய அறைதான் தரப்படும் என்பதை எழுத்தில் பெற்ற பின்னரே முற்பணம் அனுப்புக.