குறுகிய லீவரும் குறையாத நேரமும்



கடந்த ஞாயிறு திருவிருந்து வேளையில் என் நகக்கண்களில் கறுப்பு ஒயில் படிந்திருந்ததை உங்களில் சிலர் கவனித்தீர்கள். ஒரு தாயார் கேட்டும்விட்டார். அவரிடம் சிரித்துச் சமாளித்தேன். அவருக்குச் சொல்லவேண்டிய பதிலை இந்த வாரம் உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

என் மகனை உங்களில் பலர் சிறுவனாக அறிவீர்கள். இப்போது அவனுக்கு 25 வயது. அவன் சபைக்கு வருவதை நிறுத்தி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. நீங்கள் கேட்கத் தயங்கினீர்கள். நானும் சொல்லத் தயங்கினேன். ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். சாப்பாட்டைப் பற்றியும் பனியைப் பற்றியும் பேசுகிறோம். அதற்கப்பால் பேச்சு நீள்வதில்லை. இதை எழுதலாமா என்று அவனிடம் அனுமதி கேட்டேன். "எழுதுங்கோ, ஆனால் காரைப் பற்றிப் பிழையா எழுதாதீங்கோ" என்பதே அவன் விதித்த ஒரே நிபந்தனை. ஆகவே காரைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதவேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவன் வைத்திருப்பது 1996ஆம் ஆண்டின் மஸ்டா மியாட்டா. இரண்டே இருக்கைகள், மடக்கக்கூடிய கூரை, விளக்கைப் போட்டால் தூக்கம் கலைந்து கண் திறப்பதுபோல் மேலெழும் முன்விளக்குகள். 1989இல் சிக்காகோ வாகனக் கண்காட்சியில் முதன்முதலாக வைக்கப்பட்ட இந்தக் கார் இன்றும் புதிய தலைமுறைகளாக வெளிவருகிறது. 2016இல் பத்து இலட்சமாவது வண்டி தயாரானது. அது பெரிய வலிமையுள்ள வாகனமன்று. ஆனால் இயந்திரம் முன்னே நெடுவாக்கில் அமர்ந்து பின்சக்கரங்களை ஓட்டுவதால், கியர்ப் பெட்டி இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே வந்துவிடுகிறது. கியர் லீவர் நேராக அந்தப் பெட்டியின்மேல் நிற்கிறது. நம்மில் பலர் ஓட்டும் முன்சக்கர இழுவைக் கார்களில் கைக்கும் கியருக்கும் நடுவே கம்பிகளோ நீண்ட தண்டுகளோ இருக்கும். இதில் அப்படி எதுவும் இல்லை. உள்ளே நடப்பதைக் கை உடனே உணர்கிறது.

அந்த லீவரை எடுத்துவிட்டு, வேறொருவர் தயாரித்த குறுகிய அசைவுள்ள லீவரை மாட்டவேண்டும் என்பது அவன் விருப்பம். சனிக்கிழமை பிற்பகல் என் அறைக் கதவைத் தட்டி, "அப்பா, கொஞ்ச நேரம் டோர்ச் பிடிக்கிறீங்களோ?" என்று கேட்டான். மூன்று ஆண்டுகளில் அவன் என்னிடம் கேட்ட முதல் உதவி அது. பிரசங்கக் குறிப்பை மூடிவைத்துவிட்டுக் கராஜுக்குப் போனேன்.

வேலை கடினமானதன்று, ஆனால் ஒழுங்கு உண்டு. கைபிரேக்கை இழுத்து, சக்கரங்களுக்கு அடைகொடுத்து, லீவரை நியூட்ரலில் வைத்தான். உச்சியிலுள்ள குமிழைச் சுழற்றிக் கழற்றினான். இருக்கைகளுக்கு நடுவிலுள்ள பிளாஸ்டிக் பெட்டியைத் திருகாணிகள் நீக்கித் தூக்கினான். அதன்கீழ் ஒரு பெரிய ரப்பர் உறை. அதற்கும் கீழே இன்னொரு சிறிய உறை. சிறியது கிழிந்திருந்தது. காருக்குள் அடிக்கும் சூட்டுக்கும் இரைச்சலுக்கும் ஒரு காரணம் இதுதான் என்று காட்டினான். பிறகு மூன்று போல்ட்களைக் கழற்றி லீவரை மேலே இழுத்தான். லீவரின் நடுவில் ஓர் உருண்டை இருக்கிறது. அதுவே அதன் சுழல்மையம். அடிநுனியில் ஒரு சிறு பிளாஸ்டிக் புஷ் இருக்கவேண்டும். அது நொறுங்கித் துகள்களாக வந்தது.

"லீவர் தொளதொளவென்று ஆடினதுக்கு இதுதான் காரணம்" என்றான் மகன். "இதை மட்டும் மாத்தியிருந்தாலே பாதி சரியாகியிருக்கும்." சில டொலர் விலையுள்ள பொருள். புதிய லீவர் வாங்க நினைக்கும் இளைஞர்கள் நம் சபையிலும் இருக்கக்கூடும். தம்பிமாரே, முதலில் அந்தப் புஷ்ஷையும் ரப்பர் உறைகளையும் பாருங்கள். பழைய லீவரில் குற்றமே இல்லாதிருக்கலாம்.

புதிய லீவர் எப்படி அசைவைக் குறைக்கிறது என்பதை அவன் ஓர் அட்டையில் வரைந்து காட்டினான். உருண்டைக்கு மேலே 200 மில்லிமீற்றரும் கீழே 40 மில்லிமீற்றரும் கொண்ட ஒரு கோலை எடுத்துக்கொள்ளுங்கள். கீழ்நுனி 10 மில்லிமீற்றர் நகர, மேலே கை 50 மில்லிமீற்றர் நகரவேண்டும். இப்போது உருண்டையை 10 மில்லிமீற்றர் மேலே ஏற்றி, கீழ்நுனியையும் அதே அளவு நீட்டுங்கள். மேலே 190, கீழே 50. அதே வேலைக்குக் கை 38 மில்லிமீற்றர் நகர்ந்தால் போதும். ஏறக்குறைய கால்வாசித் தூரம் மிச்சம்.

"அப்ப இது இலாபம்தானே?" என்றேன்.

"இல்லை அப்பா. தூரம் குறைஞ்ச அளவுக்குத் தள்ளுற பலம் கூடும். மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகத் தள்ளவேணும்."

நெம்புகோலின் விதி அது. பாதையைக் குறைக்கிறவன் பாரத்தைக் கூட்டிக்கொள்கிறான். அந்த வாக்கியம் அடுத்த கணமே என் மனத்தில் பிரசங்கமாக மாறிவிட்டது. பிரியமானவர்களே, என் தவறு அங்கேதான் தொடங்கியது.

போல்ட் மூன்றையும் என் உள்ளங்கையில் வைத்து, திறந்திருந்த குழியைத் துணியால் மூடும்படி அவன் சொல்லியிருந்தான். கியர்ப் பெட்டியின் மேலுள்ள அந்தக் குழி ஒரு சிறு கிணறு போன்றது. அடியில் ஒயில் நிற்கும். உள்ளே எதுவும் விழக்கூடாது. துணி என் மடியில் கிடந்தது. மகன் காருக்குள் குனிந்திருந்தான். இரு கைகளிலும் ஒயில். எழுந்து போக வழியில்லை. மூன்று ஆண்டுகளாகச் சொல்லக் காத்திருந்ததைச் சொல்ல இதைவிட நல்ல வேளை கிடைக்காது என்று எண்ணினேன். "மகன், நீ வராமல் இருக்கிறது அம்மாவுக்கு எவ்வளவு..." என்று தொடங்கினேன். பேசும்போது கையை வீசுவது என் பழக்கம் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு போல்ட் உருண்டு குழிக்குள் விழுந்தது. ஒயிலில் விழுந்த மெல்லிய சத்தம் எங்கள் இருவருக்கும் கேட்டது.

நான் பேச்சை நிறுத்தினேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. அந்தச் சில விநாடிகளில் என் நினைவுக்கு வந்தது வேறொரு நாள். அவனுக்கு 17 வயதாக இருந்தபோது, எங்கள் வானைப் பின்னோக்கி எடுக்கையில் ஆலய வாகனத் தரிப்பிடத்துக் கம்பத்தில் மோதிவிட்டான். உங்களில் சிலர் அங்கே நின்றீர்கள். எல்லோருக்கும் முன்பாக நான் அவனைக் கண்டித்தேன். கவனம், பொறுப்பு, போதகர் வீட்டுப் பிள்ளை என்று நீண்ட நேரம் பேசினேன். வானின் நெளிவு ஒரு வாரத்தில் நிமிர்ந்துவிட்டது.

மகன் எழுந்து மேசைக்குப் போனான். நீட்டக்கூடிய கம்பியின் நுனியில் காந்தம் பொருத்திய ஒரு கருவியை எடுத்துவந்தான். "டோர்ச்சை இந்தப் பக்கம் பிடியுங்கோ" என்றான். இரண்டு முறை தவறியது. மூன்றாம் முறை போல்ட் கறுப்பு ஒயில் சொட்டச் சொட்ட மேலே வந்தது. அதைத் துடைத்து என் கையில் திருப்பித் தந்தான். "பரவாயில்லை அப்பா. போன முறை கழற்றேக்கை எனக்கும் விழுந்தது."

அவ்வளவுதான். துணியை வைக்கச் சொன்னேனே என்று ஒரு வார்த்தை இல்லை. அதே போல்ட்டை மறுபடியும் என்னையே பிடிக்கச் சொன்னான். தூரதேசம் போன இளைய குமாரனின் உவமையை நான் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வாசலில் காத்துநிற்கும் தகப்பனின் இடத்திலேயே என்னை நிறுத்திப் பேசியிருக்கிறேன். அந்த மாலை கராஜில் மன்னிப்புப் பெற்றவன் நான். கொடுத்தவன் என் மகன்.

அதன்பின் நான் பேசாமல் டோர்ச் பிடித்தேன். பழைய ஒயிலை ஊசிக்குழாயால் உறிஞ்சி எடுத்தான். புதிதாக ஊற்றியது நூறு மில்லிலீற்றருக்கும் குறைவு. புதிய புஷ்ஷை அடிநுனியில் பொருத்தி, உருண்டைக்குக் கிரீஸ் பூசி, புதிய லீவரை இறக்கினான். போல்ட்களை ஒன்றை முழுவதும் இறுக்காமல் மூன்றையும் மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்கினான். இயந்திரத்தை இயக்காமலே ஐந்து கியர்களுக்கும் ரிவேர்ஸுக்கும் போட்டுப் பார்த்தான். எங்கும் தட்டவில்லை, எல்லாம் முழுமையாக உட்கார்ந்தன. பிறகுதான் புதிய ரப்பர் உறைகளை மாட்டினான். வேலை முடிய இருட்டிவிட்டது.

"நீங்கள் ஓட்டிப் பாருங்கோ" என்று சாவியை நீட்டினான்.

யாழ்ப்பாணத்தில் என் மாமாவின் மொரிஸ் மைனரில் கார் ஓட்டப் பழகியவன் நான். அதன் முதல் கியருக்குச் சின்க்ரோ கிடையாது. வண்டி முற்றாக நிற்கும்வரை காத்திருந்தே முதலாம் கியருக்குப் போகவேண்டும்; அவசரப்பட்டால் பற்கள் அரைபடும் சத்தம் தெருவுக்கே கேட்கும். சின்க்ரோ என்பது கியர்ப் பெட்டிக்குள் இருக்கும் சிறு வளையம். பெரும்பாலும் பித்தளையால் ஆனது. வெவ்வேறு வேகத்தில் சுழலும் இரண்டு பாகங்களை அது உரசி உரசி ஒரே வேகத்துக்குக் கொண்டுவரும். வேகங்கள் ஒத்துப்போகும்வரை பற்கள் இணையாதபடி தடுத்தும் நிற்கும். கடிலாக் கார்களில் 1928இல் அறிமுகமான அந்த ஏற்பாடு இன்று எல்லாக் கையியக்கக் கார்களிலும் இருப்பதால், அப்படி ஒன்று உள்ளே நடப்பதையே நாம் மறந்துவிட்டோம்.

ஸ்காபரோவின் ஏப்ரல் இரவு. குளிர் இன்னும் விடவில்லை. குளிரில் கியர் ஒயில் தடிக்கும். இந்தக் காரின் இரண்டாம் கியர் அப்போது முரண்டுபிடிக்கும். முதலாம் கியரிலிருந்து இரண்டாவதற்கு மாற்ற முயன்றேன். லீவர் பாதியில் நின்றது. அழுத்தித் தள்ளினேன்.

"தள்ளாதீங்கோ அப்பா. கையை மெல்ல வைச்சுக்கொண்டு இருங்கோ. வேகம் சரிவந்ததும் அது தானாப் போகும்."

கையைத் தளர்த்தி வைத்திருந்தேன். ஒரு கணம். பின்பு லீவர் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் உள்ளே போனது.

லீவரை எவ்வளவு குறுக்கினாலும் அந்த வளையத்துக்கு வேண்டிய நேரம் குறைவதில்லை என்று மகன் விளக்கினான். குறுகிய லீவர் கையைத்தான் விரைவாக்கும். அந்த விரைவை நம்பி அடித்துத் தள்ளுகிறவன் சின்க்ரோவைத் தேய்த்துவிடுவான். பிறகு ஒவ்வொரு முறையும் பற்கள் அரைபடும். அதைச் சரிசெய்யக் கியர்ப் பெட்டியையே இறக்கவேண்டும்.

அன்பானவர்களே, நான் ஓட்டிக்கொண்டே கேட்டேன், பதில் சொல்லவில்லை. அவன் காரைப் பற்றித்தான் பேசினான். ஆனால் இந்த மூன்று ஆண்டுகளில் எத்தனை முறை ஒரே வாக்கியத்தால், ஒரே கண்ணீரால், ஒரே இராப்போசன மேசைப் பேச்சால் அவனை என் வேகத்துக்கு இழுக்கப் பார்த்தேன் என்பதை எண்ணிக்கொண்டேன். நான் தேடியது குறுகிய வழி. ஒவ்வொரு முறையும் அதிகமாகத் தள்ளினேன். அரைபட்டது எது என்பதை இப்போது அறிகிறேன்.

வீட்டைவிட்டோ விசுவாசத்தைவிட்டோ விலகி நிற்கும் பிள்ளைகள் உங்களில் பலருக்கு உண்டு. சகோதரர், பழைய சிநேகிதர், கோபத்தில் பிரிந்த உறவினர் என்று வேறு சிலருக்கு வேறு பெயர்கள். அவர்களுக்காக நாம் ஜெபிப்பதைக் குறைக்கவேண்டாம். கையை எடுத்துவிடவும் வேண்டாம். லீவரிலிருந்து கையை எடுத்தாலும் கியர் விழாது. ஆனால் அழுத்தத்தைச் சற்றுத் தளர்த்துவோம். இந்த வாரம் அவர்களோடு ஒருமுறையாவது அவர்கள் விரும்பும் வேலையில், அவர்கள் சொல்லும் இடத்தில், விளக்கைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். துணியை வைக்கச் சொன்னால் வையுங்கள்.

இப்படி முடிக்கும்போது, அவன் மறுநாள் ஆராதனைக்கு வந்தான் என்று எழுதுவேன் என எதிர்பார்ப்பீர்கள். அவன் வரவில்லை, தூங்கிக்கொண்டிருந்தான். மாலையில் நான் திரும்பியபோது மேசையில் எனக்கும் சேர்த்துத் தேநீர் ஊற்றி வைத்திருந்தான். வரும் சனிக்கிழமை பிரேக் பாட் மாற்றவேண்டுமாம். டோர்ச் பிடிக்க ஆள் வேண்டுமாம். வருகிறேன் என்றேன். ஆகவே வரும் வாரக் குறிப்பு சற்றுத் தாமதித்தால் காரணம் உங்களுக்குத் தெரியும்.

கர்த்தருடைய சமாதானம் உங்கள் வீடுகளில் தங்குவதாக.

உங்கள் போதகர்