வலம் சுற்றிய கயிறு

நீச்சல் தெரியும் என்று கப்பல் பயிற்சிப் பள்ளி விண்ணப்பத்தில் எழுதியிருந்தேன். பொய்யில்லை. பெரம்பலூர் மாவட்டம் காரைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி, கிணற்றில் தள்ளிவிட்டுத்தான் அப்பா எனக்கு நீச்சல் பழக்கினார். மோட்டார் ரூம் கூரையிலிருந்து குதித்து, யார் குதித்தால் தண்ணீர் அதிகம் எழும்புகிறது என்று பந்தயம் கட்டுவோம்.

பயிற்சிப் பள்ளியின் குளத்தில் அதெல்லாம் செல்லவில்லை. லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு கிணற்றுப் பாய்ச்சல் பாய்ந்தேன். ஜாக்கெட் மேலே கிளம்பித் தாடையில் அறைந்தது. ஒரு கையால் மூக்கையும் வாயையும் பொத்தி, மறு கையால் ஜாக்கெட்டை அழுத்திப் பிடித்து, பார்வையை நேரே வைத்து ஓர் அடி எடுத்து வைப்பதுபோல் இறங்க வேண்டும். காற்றிலேயே கால்கள் சேர்ந்துவிட வேண்டும். கீழே பார்த்தால் உடம்பு முன்னால் சாய்ந்து முகம் அடிபடும். இறங்கியபின் இன்னொன்று சொன்னார்கள்: குளிர்ந்த கடலில் சும்மா நீந்தாதே, நீந்தினால் உடம்புச் சூடு சீக்கிரம் போய்விடும், முழங்காலை மார்போடு சேர்த்துக்கொண்டு மித. நீச்சல் தெரியாதவன் உடனே கேட்டுக்கொண்டான். எனக்குத்தான் கைகால் அடங்க ஒரு வாரம் ஆனது.

கடைநிலை மாலுமியாகச் சேர்வதற்கான ஜிபி ரேட்டிங் படிப்பு 6 மாதம். சென்னைக்குத் தெற்கே, கடற்கரையை ஒட்டிய விடுதி. பெரம்பலூர் நாலு ரோட்டில் அம்மா கொடுத்த கடலை உருண்டை டப்பாவோடு பஸ் ஏறினேன். விடுதியில் அது ஒரு ராத்திரி கூடத் தாங்கவில்லை. விசில், உடற்பயிற்சி, ஃபால் இன், போர்வை மடிப்பில் சுருக்கம் கண்டால் தண்டனை. இவற்றைப் பற்றிக் கப்பல்காரர்கள் நிறையவே சொல்லியிருப்பார்கள். நான் கயிற்றைப் பற்றிச் சொல்கிறேன்.

முதல் வகுப்பில் மூன்று புரிக் கயிற்றைக் கையில் கொடுத்தார்கள். வலப்புரியாக முறுக்கியதை வலமாகத்தான் சுற்றி வைக்க வேண்டும். "கோயில் சுத்துற மாதிரி சுத்துடா" என்றார் பயிற்றுநர். மாற்றிச் சுற்றினால் புரி சிக்கும். அவசரத்துக்கு எடுக்கும்போது கண்ணி விழும். அந்தக் கண்ணிக்குள் கால் இருந்தால் கால் போகும். தளத்தில் தட்டையாகச் சுருட்டி வைத்த கயிற்றைப் பார்த்ததும் எனக்குக் காரை ஓடைதான் நினைவுக்கு வந்தது. மழை பெய்து மண் கரைந்தால் அங்கே இதே மாதிரி சுருண்ட கற்கள் கிடக்கும். அம்மோனைட் என்று பிறகுதான் பெயர் தெரிந்தது. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் எங்கள் பக்கமெல்லாம் கடல். அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக் கல்லைத்தான் அரியலூர் ஆலைகள் சிமெண்டாக அரைக்கின்றன.

அறைத் தோழர்களில் நாகப்பட்டினம், தூத்துக்குடிப் பையன்கள் உண்டு. "கடலே பாக்காத ஊர்க்காரன்" என்று கேலி செய்வார்கள். 1025இல் கடாரத்துக்குக் கப்பல் அனுப்பிய ராஜேந்திரனின் தலைநகர் கங்கைகொண்ட சோழபுரம் எங்கள் பக்கத்து அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது என்பேன். 1972இல் டஃபரின் என்ற பழைய பயிற்சிக் கப்பலுக்குப் பதிலாக வந்த கப்பலுக்கும் ராஜேந்திரா என்றுதான் பெயர் வைத்தார்கள். அந்த மன்னருக்குக் கடல் ஒத்துக்கொண்டதா என்று நான் எங்கும் படித்ததில்லை. எனக்கு முதல் கப்பலில் மூன்று நாள் ஒத்துக்கொள்ளவில்லை.

போலைன் முடிச்சு வந்த நாள்தான் எனக்கு நல்ல நாள். இழுத்தாலும் இறுகாத கண்ணி அது. கன்றுக்குட்டி கழுத்துக்குச் சுருக்குப் போடக் கூடாது என்று அப்பா அடித்துச் சொல்லிக் கொடுத்த முடிச்சும் அதுவே. கையைப் பின்னால் வைத்துப் போட்டுக் காட்டினேன். எங்கே கற்றாய் என்று கேட்டார் பயிற்றுநர். "மாட்டுக் கொட்டாயில சார்." வகுப்பே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை, இன்னொரு தடவை போடச் சொன்னார்.

ராத்திரி 12 முதல் 4 வரை விடுதிக் காவல் முறை வரும். கப்பலின் வாட்ச் பழக்கம் அங்கிருந்தே தொடங்குகிறது. 12 மணி வாட்ச் என்றால் 12க்கு வருவதில்லை. வெளிச்சத்திலிருந்து வந்த கண் இருட்டுக்கு முழுதாய்ப் பழக 20, 30 நிமிடம் ஆகும். அதுவரை தூரத்து விளக்கு தெரியாது. முன்னதாக வந்து நின்று, முந்தையவன் சொல்வதைக் கேட்டுக்கொண்டு பிறகுதான் பொறுப்பேற்க வேண்டும். மற்றவர்கள் அந்த முறையைச் சபித்தார்கள். எனக்குப் பெரிய கஷ்டமாகப் படவில்லை. எங்கள் ஊரில் மும்முனை மின்சாரம் பல நாள் நடுராத்திரிக்குத்தான் வரும். அந்நேரம் அப்பா டார்ச்சோடு வரப்பில் நின்று மடை மாற்றிக்கொண்டிருப்பார் என்று தெரியும். வீட்டு நினைவு எனக்கு அழுகையாக வந்ததைவிட அப்படி வந்ததுதான் அதிகம். கப்பலில் 24 மணி நேரத்துக்குக் குறைந்தது 10 மணி, 7 நாளுக்கு 77 மணி ஓய்வு தர வேண்டும் என்று சர்வதேச விதி இருக்கிறது. அப்பாவுக்கு அப்படி யாரும் விதி போடவில்லை.

படிப்பு முடிந்தபின் ஒரு ஏஜென்டை நம்பி, பட்டறையிலிருந்த அந்த வருடத்துச் சின்ன வெங்காயம் முழுவதையும் விற்றுக் கொடுத்தோம். வேலை வந்தது வேறு வழியில். கப்பலில் ஆள் சேர்ப்பவர் மாலுமியிடம் அதற்காகப் பணம் வாங்கக் கூடாது என்பதும், உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலைக் கப்பல்துறைத் தலைமை இயக்குநரகம் வெளியிடுகிறது என்பதும் அப்போது எங்களுக்குத் தெரியாது.

இப்போது நான் போசன், தள மாலுமிகளுக்கு மேஸ்திரி மாதிரி. புதிதாக ஏறும் பையன்களிடம் முதலில் பார்ப்பது அவர்கள் கயிறு சுற்றும் விதத்தைத்தான். துறைமுகத்தில் கப்பலைக் கட்டும் கயிறு விறைப்பில் அறுந்தால் சாட்டையாய்த் திரும்பி வந்து ஆளைக் கொன்றுவிடும். எங்கே நிற்கக் கூடாது என்பதைச் சுண்ணாம்புக் கட்டியால் தளத்தில் வரைந்தே காட்டுவேன்.

போன விடுமுறையில் அப்பா கிணற்றுக் கயிற்றை உள்ளங்கைக்கும் முழங்கைக்குமாகச் சுற்றிக்கொண்டிருந்தார். அப்படிச் சுற்றினால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறுக்கு ஏறும். பொறுக்க முடியாமல் வாங்கிப் பிரித்து, தரையில் வலமாகச் சுற்றி வைத்தேன். "ஆணில மாட்ட வேண்டியத ஏன்டா தரையில போடுற, எலி கடிக்கவா?" என்று எடுத்து மறுபடி முழங்கையில் சுற்றி ஆணியில் மாட்டினார். அதற்குள் கரண்ட் வந்துவிட்டது. டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.