செவியால் காணும் ஆடுகளம்

தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அவை பெற்ற அறிவைக் கொண்டு வகைப்படுத்துகிறார். உற்றறிவது முதலறிவு. அதன்மேல் நாவும் மூக்கும் முறையே சேர்கின்றன. நான்காவதாகக் கண்ணை வைத்து, அதற்கும் மேற்படியில் ஐந்தாவதாகச் செவியை வைக்கிறார். ஆறாவது மனம். மனத்துக்கு மிக அருகில் நிற்பது செவி என்னும் இந்த வரிசையைப் பள்ளியில் மனப்பாடம் செய்து ஒப்பித்த நாம், அதன் பொருளை ஆழ்ந்து எண்ணிப் பார்த்ததுண்டா? பார்வையற்றோர் ஆடும் கிரிக்கெட்டை ஒருமுறை கண்டவர்க்கு அப்பொருள் தானே புலப்படும்.

இவ்விளையாட்டு 1922-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் பிறந்தது. பார்வையற்ற தொழிலாளர் இருவர், ஒரு தகர டப்பாவில் கற்களைப் போட்டு உருட்டி ஆடினர் என்பது அதன் பிறப்பு வரலாறு. அந்தத் தகர டப்பா இன்று கடினமான பிளாஸ்டிக் பந்தாகியிருக்கிறது. கற்களுக்குப் பதிலாக அதனுள்ளே பால்ரஸ் குண்டுகள் கலகலக்கின்றன. முதல் உலகக் கோப்பைப் போட்டி 1998-இல் நம் தலைநகர் புதுடில்லியில் நடைபெற்றது, தென்னாப்பிரிக்கா வென்றது. 2002-இல் சென்னையில் நடந்த போட்டியில் பாகிஸ்தான் வாகை சூடியது. 2014-லும் 2018-லும் இந்தியா கோப்பையைக் கைக்கொண்டது. 2025 நவம்பரில் கொழும்பில் நடந்த இறுதி ஆட்டத்தில் நேபாளத்தை வென்று, மகளிருக்கான முதல் இருபது ஓவர் உலகக் கோப்பையை நம் பெண்கள் கொண்டுவந்தனர்.

ஆட்ட விதிகளைப் பார்த்தால், ஒவ்வொன்றும் செவியை மதித்து எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். பதினொருவரில் நால்வரேனும் முற்றிலும் பார்வையற்றவராக இருக்கவேண்டும்; ஏனையோர் சிறிதளவு பார்வை உடையோர். முற்றிலும் பார்வையற்றவர் எடுக்கும் ஒவ்வோர் ஓட்டமும் இரண்டாகக் கணக்கிடப்படும். பந்தைத் தோளுக்கு மேல் சுழற்றி எறிதல் கூடாது. கையைத் தாழ்த்தி வீசவேண்டும். அது ஆடுகளத்தின் நடுக்கோட்டைக் கடக்குமுன் தரையைத் தொடவேண்டும். தரையில் ஓடினால்தான் பந்து பேசும் அன்றோ? வீசுமுன் பந்து வீச்சாளர் “ரெடி?” என்று வினவுவார். மட்டையாளர் “யெஸ்” என்பார். “ப்ளே” என்ற சொல்லோடு பந்து புறப்படும். அந்நியர் காதுக்கு இது வெறும் சடங்கு. மட்டையாளருக்கோ, பந்து எத்திசையிலிருந்து, எவ்வளவு தொலைவிலிருந்து வரப்போகிறது என்பதைக் காட்டும் வரைபடம்.

வலப்புறத்து ஓசை இடச்செவியை எட்டுவதற்குள் கழியும் நேரம் ஆயிரத்தில் ஒரு விநாடிக்கும் குறைவு. அந்த நுண்ணிய வேற்றுமையைக் கொண்டே மனம் திசையை அளந்துவிடுகிறது. இவ்வாற்றல் நம் அனைவருக்கும் உண்டு. கண் முந்திக்கொள்வதால் நாம் அதைப் பழக்குவதில்லை. பழக்கியவர் ஒரு முழங்காலை ஊன்றி, மட்டையைத் தரையோடு தரையாக வீசிப் பந்தை எல்லைக்கு விரட்டுகிறார்.

கோல்பால் என்னும் ஆட்டம் மற்றொரு விந்தை. இரண்டாம் உலகப் போரில் கண்ணிழந்த வீரர்களின் மறுவாழ்வுக்காக 1946-இல் அது தோற்றுவிக்கப்பட்டது. அணிக்கு மூவர், எல்லார் கண்களும் கட்டப்பட்டிருக்கும். பந்தினுள்ளே மணிகள், எடை ஒன்றேகால் கிலோ. களத்தின் கோடுகளுக்கு அடியில் கயிறு வைத்து ஒட்டியிருப்பார்கள். ஆட்டக்காரர் காலாலும் கையாலும் கோட்டைத் தடவித் தாம் நிற்குமிடத்தை அறிவார். நம் மெட்ரோ நிலையங்களில் மேடான கோடுகளும் புள்ளிகளும் கொண்ட மஞ்சள் ஓடுகள் பதித்திருக்கிறார்களே, அவற்றின் தத்துவமும் இதுவே. அவ்வோடுகள் 1967-இல் ஜப்பானில்தான் முதன்முதலாகச் சாலையில் பதிக்கப்பட்டன.

இவ்வாட்டங்களில் பார்வையாளருக்கும் ஒரு விதி உண்டு: பந்து ஓடும்போது வாய் திறக்கலாகாது. கைதட்டலும் ஆகாது. பாராட்டே ஆனாலும் நேரமறியாது வந்தால், அது ஆட்டக்காரரின் உலகை அழித்துவிடும். என்னோடு பணியாற்றிய தொலைபேசி இயக்குநர் ஒருவர் பார்வையற்றவர். ஞாயிறுதோறும் கிரிக்கெட் ஆடுபவர். சாலையில் அவரை அச்சுறுத்துவது வாகனங்களைவிட இரக்கமுள்ள மனிதர்களே என்று அவர் ஒருநாள் கூறியது என்னைத் திகைக்க வைத்தது. கேளாமலே கையைப் பற்றி இழுத்து மறுபுறம் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்களாம். எண்ணி வைத்த அடிகள் தவறி, எந்தத் திசையை நோக்கி நிற்கிறோம் என்பதே தெரியாமல் போய்விடுமாம். உதவ விரும்புவோர் முதலில் கேட்கவேண்டும். பிறகு தம் முழங்கையைக் கொடுத்து, அவர் பற்றிக்கொண்டு அரையடி பின்னே நடந்துவர விடவேண்டும். இதைத்தான் அவர் எங்களுக்குக் கற்பித்தார்.

1995-ஆம் ஆண்டின் சட்டம் அரசுப் பணியிடங்களில் உடற்குறையுடையோர்க்கு மூன்று விழுக்காடு ஒதுக்கியது. 2016-ஆம் ஆண்டின் சட்டம் அதை நான்காக்கியது. இரண்டிலும் ஒரு விழுக்காடு பார்வையற்றோர்க்கும் பார்வை குன்றியோர்க்கும் உரியது. நாற்காலி கிடைத்தது; நன்று. ஆனால், அந்நாற்காலியை அடையும் வழி எங்கே? நடைபாதையில் பதித்த மஞ்சள் ஓடுகள் ஒரு மின்கம்பத்திலோ பழவண்டியிலோ போய் முட்டி நிற்பதை அன்றாடம் காண்கிறோம். ஓயாத ஊதுகுழல் ஓசையில், சாலை பேசும் மொழி முழுவதும் மூழ்கிவிடுகிறது.

ஆடுகளத்தில் பார்வையற்றவர் திறமையாளர். அதற்கு வெளியே வந்ததும் அவர் இரங்கத்தக்கவராகிவிடுகிறார். அவர் செவி மாறவில்லை, அறிவும் மாறவில்லை. களத்தில் பிறர் விதியை மதித்து மௌனம் காத்தனர். தெருவில் நாம் காக்கவில்லை. வேறுபாடு இவ்வளவே. கோப்பை வென்று வந்தவர்களுக்கு மாலையிடுவது நல்ல வழக்கந்தான். அதனினும் நல்லது, நம் வீட்டு வாயிலில் நடைபாதையை மறித்து நிற்கும் ஸ்கூட்டரை அப்புறப்படுத்துவது.